அம்புலிப் பருவத்துக் குழந்தை



ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று உண்ணும் காட்சியை எண்ணிப் பார்க்கலாம். தாய் பணிக்குச் சென்றிருக்கிறாள். பாட்டி பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து கிண்ணத்தோடு அமர்ந்திருக்கிறாள். குழந்தை வாய் திறக்க மறுக்கிறது. கைப்பேசியில் பாட்டு ஒன்று ஓடத் தொடங்கியதும் வாய் தானாகத் திறக்கிறது, கிண்ணம் காலியாகிறது. பாட்டிக்கும் நிம்மதி, மாலையில் வீடு திரும்பும் தாய்க்கும் நிம்மதி. ஆயினும் அந்த அரை மணி நேரத்தில் பாட்டியின் முகத்தைக் குழந்தை ஒருமுறையும் பார்க்கவில்லை. வயிறு நிறைந்தது, நடக்க வேண்டிய உரையாடல் நடவாமற் போயிற்று.

இவ்வுரையாடலின் அருமையைத் தமிழ்ப் புலவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாகக் கொண்டு தாலாட்டினார்; அம்புலியை அழைத்தார். அவ்வழியில் வளர்ந்ததே பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம். இன்று கிடைப்பனவற்றுள் காலத்தால் முற்பட்டது, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் ஆகும். பாட்டுடைத் தலைவர் தெய்வமாயினும் அரசராயினும், புலவரின் கண் ஒரு தாயின் கண்ணாகவே இருந்தது.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்கள் பத்து: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் இறுதி மூன்றும் அம்மானை, நீராடல், ஊசல் என மாறி வருதல் பெருவழக்கு. மாதக் கணக்கில் பாட்டியல் நூல்கள் சிறிது வேறுபடினும், 3ஆம் மாதம் தொடங்கி 21ஆம் மாதம் வரை ஒற்றை மாதங்களில் இவற்றை அமைத்துக் கூறுவது பரவிய மரபு. தலைநிமிர்த்தி உடலை அசைத்தாடுதல் 5ஆம் மாதத்திற்குரிய செங்கீரை. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுதல் 9ஆம் மாதத்திற்குரிய சப்பாணி. தளர்நடையிட்டு வருமாறு அழைத்தல் 13ஆம் மாதத்திற்குரிய வருகை. குழந்தைகள் 8 மாதம் முதல் 18 மாதத்திற்குள் தாமே நடக்கத் தொடங்குவது இயல்பு என்பது இன்றைய மருத்துவ அளவீடு. புலவர் குறித்த மாதம் அதனுள் அடங்குகின்றது.

மாதக் கணக்கினும் சிறந்த செய்தி ஒன்று இப்பருவங்களில் உண்டு. கை கொட்டுக என்பர்; முத்தம் தருக என்பர்; வருக என்பர். எங்கும் குழந்தையிடம் ஒன்றைக் கேட்டு, அது தரும் விடைக்காகப் பெரியவர் காத்திருக்கிறார். குழந்தையும் தன்னால் இயன்றதைச் செய்து விடை தருகிறது. அழைப்பும் மறுமொழியுமாகிய இந்த விளையாட்டிலேதான் மொழி பிறக்கிறது; அன்பு வேரூன்றுகிறது. கைப்பேசியும் பேசும், பாடும். ஆனால் குழந்தையின் மறுமொழிக்காக அது காத்திருப்பதில்லை.

அம்புலிப் பருவம் இவற்றுள் தனிச்சிறப்புடையது. இங்குப் பெரியவர் குழந்தையை விட்டு நிலவை அழைக்கிறார். சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களாலும் நிலவைக் குழந்தையுடன் விளையாட வருமாறு வேண்டுவது இப்பருவத்தின் மரபு. இடுப்பிலிருக்கும் குழந்தை தாயின் விரலை நோக்கி, விரல் காட்டும் நிலவை நோக்கி, மீண்டும் தாயின் முகத்தை நோக்குகிறது. இருவர் ஒரே பொருளில் மனம் செலுத்தும் இச்செயலைக் குழந்தை வளர்ச்சி இயலார் மொழி கற்றலின் அடிப்படைகளுள் ஒன்றாகக் கருதுகின்றனர். நிலவு எட்டாத பொருள். அதனைக் காட்டிச் சோறூட்டிய தாயோ குழந்தைக்கு எட்டும் தொலைவிலேயே இருந்தாள்.

அடுத்த பருவமாகிய சிற்றில், பெற்றோர்க்குப் பொறுமை கற்பிப்பது. சிறுமியர் மணலில் கட்டிய சிறுவீட்டைத் தலைவன் காலால் சிதைக்க வருகிறான். சிதைக்க வேண்டா என அவர்கள் இரக்கின்றனர். 17ஆம் மாதத்துப் பிள்ளை அடுக்கியதைக் கலைப்பதும், பாத்திரத்தைக் கீழே போடுவதும், தடுத்தால் தரையில் புரண்டு அழுவதும் எல்லா இல்லங்களிலும் உள்ளனவே. போட்டால் என்ன ஆகும் என அது ஆராய்கிறது. தன் விருப்பத்தைச் சொல்லச் சொல் போதாமையால் அழுகிறது. அடியும் வசையும் அதற்குச் சொல்லைத் தருவதில்லை. கூரியதும் உடைவதும் அதன் கைக்கு எட்டாமல் வைத்து, கலைக்கத் தக்கவற்றை அதனிடம் கொடுத்து, அதன் சினத்திற்கு ஒரு பெயரும் சொல்லித் தருவதே பயன் தரும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் இம்மரபோடு முரண்படவில்லை. ஒரு வயதுக் குழந்தை திரை பார்த்து அமர்ந்திருத்தல் வேண்டா என்றும், 2 வயதில் நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைக் கடத்தலாகாது என்றும் அது கூறுகிறது. 1, 2 வயதுக் குழந்தைகளுக்கு நாள்தோறும் 180 நிமிடம் ஓடியாடும் விளையாட்டும், பகலுறக்கம் உட்பட 11 முதல் 14 மணி நேர உறக்கமும் வேண்டும் என்கிறது. அமர்ந்திருக்கும் பொழுதில் கதை கூறுதலையும் நூல் படித்துக் காட்டுதலையும் அது பரிந்துரைக்கிறது.

ஒரு செய்தியை இங்கு அழுத்திக் கூறுதல் கடமையாகும். பிள்ளை பேசாதிருப்பின், "இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று சொல்லிக் காலம் கடத்துவது பல குடும்பங்களின் வழக்கம். 12 மாதத்தில் மழலை ஒலியோ விரல் சுட்டலோ இல்லாமை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாமை, 24 மாதத்தில் இரு சொற்களைத் தானே சேர்த்துக் கூறாமை, கற்ற சொல்லையோ செயலையோ எவ்வயதிலாயினும் இழத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் குழந்தை மருத்துவரை அணுக வேண்டும். செவியின் உட்புறம் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். ஆராய்ந்த பின் குறையில்லை எனத் தெரிந்தால் மகிழ்ச்சியே. குறை இருப்பின், விரைந்து தொடங்கும் பயிற்சி மிகுந்த பயன் தரும். இத்தகைய குழந்தைகளுக்கென மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களை அரசு அமைத்துள்ளது. அங்குச் செல்வது குடும்பத்திற்கு இழுக்கன்று.

பணிக்குச் செல்லும் தாயையோ, முழங்கால் வலியோடு பேரனைத் துரத்தும் பாட்டியையோ குறை கூறுவது முறையன்று. நாள் முழுதும் குழந்தையோடு ஆடிக் கொண்டிருக்க எவராலும் இயலாது, அது தேவையுமன்று. நீராட்டும்போது உறுப்புகளின் பெயர் சொல்லலாம். கீரை ஆயும்போது ஓர் இலையை அதன் கையில் தரலாம். தந்தையும் தாத்தாவும் உணவு வேளையில் ஒரு பங்கை ஏற்கலாம். கேள்வி ஒன்றைக் கேட்டபின் பெரியவர் உடனே தாமே விடை கூறாது, குழந்தை வாய் திறக்கும் வரை சற்றுப் பொறுத்திருக்கலாம்.

முதலில் சொன்ன இல்லத்திற்கே மீளலாம். அடுத்த வேளை பாட்டி கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டுச் சாளரத்தருகே அமர்கிறாள். முதல் நாள் குழந்தை அழும். பாதிச் சோறு மிஞ்சும். அதற்கு அஞ்ச வேண்டா. "காக்கை எங்கே?" என்று கேட்டுப் பாட்டி காத்திருக்கட்டும். ஒரு நாள் சிறு விரல் ஒன்று வெளியே நீளும். பின் அம்முகம் பாட்டியை நோக்கித் திரும்பும்.