இறாலுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விலங்கியல் படித்தவர்கள் இறாலை மறக்க முடியாது. 19 ஜோடி உறுப்புகளைக் கழற்றி அட்டையில் வரிசையாக வைத்தோம். அன்றைக்குக் கண்ணைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்க்கிற எனக்கு இன்று சோறு போடுவது அந்தக் கண்தான்.

தாய் இறால் அறைக்குள் நுழைந்தால் முதலில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. கருப்புத் தொட்டி, மங்கலான விளக்கு, சத்தமே கூடாது. யாராவது சட்டென்று டியூப் லைட்டைப் போட்டால் இறால் துள்ளிப்போய்ச் சுவரில் மோதும். இறால் முட்டையிடுவது இரவில்தான். அதனால் பல இடங்களில் டைமர் வைத்துப் பகலை இரவாக்கி விடுகிறார்கள். ராத்திரி கண் விழிக்கிற வேலை மிச்சம்!

இனி கண் விஷயம். கண் காம்புக்குள் ஒரு சுரப்பி இருக்கிறது. சினைப்பை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் அதிலிருந்து வருகிறது. கண் காம்பை எடுத்தால் சினை சீக்கிரம் முதிரும் என்று பிரெஞ்சு ஆய்வாளர் பனூஸ் 1943-லேயே காட்டினார். அதன் பிறகு உலகமெங்கும் பொரிப்பகங்களில் பெண் இறாலின் ஒரு கண் காம்பை வெட்டுவது பழக்கமாகிவிட்டது. சில நாளிலேயே சினை பிடிக்கும். ஆனால் அந்தத் தாய் சீக்கிரம் தளர்ந்துவிடும். அடுத்தடுத்து இடுகிற முட்டையின் தரமும் குறையும். வனாமி இறாலில் இப்போது சிலர் கண்ணை வெட்டாமலே முட்டை எடுக்கிறார்கள். பெண் இறால் கூடுதலாக வைக்க வேண்டும், நல்ல தீனி, அமைதி, சரியான வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான். டைகர் இறாலில் இது அத்தனை சுலபமில்லை. இறாலுக்கு வலிக்குமா என்று நம் ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். பிரிட்டனில் 2022-இல் வந்த விலங்கு நலச் சட்டம் இறாலையும் நண்டையும் உணர்வுள்ள உயிர்கள் என்று சேர்த்துக்கொண்டது. வெளிச்சத்தையும் தீனியையும் கவனிக்கப் பொறுமை இல்லாத இடத்தில்தான் கத்தி அதிகம் வேலை செய்கிறது என்பது என் கருத்து.

தாய் இருட்டைத் தேடும், பிள்ளையோ வெளிச்சத்தைத் தேடும். பொரித்தவுடன் வருகிற நாப்ளியஸ் குஞ்சுகள் விளக்கை நோக்கி நீந்தி மேலே வரும். காற்றுக் குழாயை நிறுத்தி, ஒரு ஓரத்தில் விளக்கைக் காட்டினால் போதும், திடமான குஞ்செல்லாம் அங்கே கூடிவிடும். நோஞ்சான்கள் அடியிலேயே கிடக்கும். எங்களுக்கு இதைவிட மலிவான தரப் பரிசோதனை கிடையாது.

குளத்துக்குப் போனால் கதை வேறு. அங்கே வெயில் முதலில் போய்ச் சேர்வது பாசிக்கு. கருப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் மறைந்தால் தண்ணி நல்ல கலர். அதற்கு மேலும் தெளிவாகத் தெரிந்தால் வெயில் அடிவரை இறங்கித் தரையில் பாசி முளைக்கும். 20-க்குள் மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. பகலில் ஆக்சிஜன் கொடுக்கிற அதே பாசி ராத்திரி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மழை மூட்டம் மூன்று நாள் சேர்ந்தாற்போல இருந்தால் பகல் உற்பத்தியும் குறையும். நாலாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கு ஏரேட்டர் நின்றால் தீர்ந்தது. நகையை அடகு வைத்துக் குஞ்சு விட்டவன் கரையில் நின்று, மேலே வந்து திணறுகிற இறாலைப் பார்க்க வேண்டியதுதான். ஆகவே மூட்டம் போட்டால் தீனியைக் குறையுங்கள், ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று சாயங்காலமே பாருங்கள்.

இங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சின்ன ப்ராஜெக்ட் சொல்கிறேன். ஒரு கருப்புத் தொட்டி, ஒரு வெள்ளைத் தொட்டி எடுத்து ஒரே குளத்து இறாலை இரண்டிலும் விடுங்கள். வெள்ளையில் இருப்பது வெளுக்கும், கருப்பில் இருப்பது நிறம் ஏறும். பிறகு இரண்டையும் வேகவைத்துப் பாருங்கள். எது நல்ல சிவப்பு என்று தெரியும், சந்தையில் எதற்கு விலை என்றும் தெரியும். தொட்டியும் இறாலும் நான் தருகிறேன். வேகவைத்ததை நீங்களே சாப்பிட்டுக்கொள்ளலாம்.