விலைச்சீட்டில் இல்லாத வினை

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய மேடைகளில் வர்த்தமான மகாவீரரின் வரலாற்றை எடுத்துரைப்பது மரபு. அதனை என்னினும் கற்றறிந்த பெரியோர் இங்கே சிறப்பாகப் பேசியுள்ளனர். ஆகவே நான் நாளேட்டைப் பற்றியும் கடைத்தெருவைப் பற்றியும் சில சொற்கள் பேச விழைகிறேன். பகவான் அருளிய அறம் ஆலயத்தின் வாயிலோடு நின்றுவிடுவதன்று. நாம் காலையில் படிக்கும் செய்தியிலும், மாலையில் வாங்கும் பொருளிலும் அது நம்மோடு வர வேண்டும்.

புலால் உண்ணாமை, இரவுண்ணாமை, நீரை வடித்துப் பருகுதல் ஆகிய மூன்றும் நம் குடும்பங்களின் அடையாளம். நம் பாட்டிமார்கள் இவற்றை நூல் கற்றுக் காக்கவில்லை. நாள்தோறும் செய்து காத்தனர். அவர்கள் காலத்தில் நெல் தம் நிலத்தில் விளைந்தது; பால் தம் தொழுவத்தில் கறந்தது; எண்ணெய் ஊர்ச் செக்கில் ஆடியது. எந்தப் பொருள் எவர் கையால், எந்த உயிருக்கு என்ன இடர் விளைத்து வந்தது என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று நம் கை செய்யும் வேலை குறைந்துவிட்டது. வாங்கும் வேலை பெருகிவிட்டது. பொருளின் மேல் ஒட்டிய சீட்டில் விலை, எடை, தயாரித்த நாள், காலாவதி நாள் எல்லாம் அச்சிடப்பட்டிருக்கின்றன. அப்பொருளில் கலந்துள்ள வினை மட்டும் அச்சிடப்படுவதில்லை.

“நான் செய்யவில்லையே, வாங்கத்தானே செய்தேன்?” என்று ஒருவர் கேட்கலாம். இக்கேள்விக்கு நம் ஆகமம் முன்னரே விடை கூறியுள்ளது. தத்துவார்த்த சூத்திரம் வினை ஊற்றின் வாயில்களைக் கணக்கிடுகிறது. எண்ணுதல், கருவி கூட்டுதல், செயல் தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று. சினம், செருக்கு, மாயம், பற்று என நான்கு கஷாயங்கள். இவற்றைப் பெருக்கினால் 108. நாம் செபமாலையில் உருட்டும் 108 மணிகளுக்கும் இக்கணக்கையே பெரியோர் பொருளாகக் கூறுவர். இதில் செய்தலுக்கு உரியவை 36. செய்வித்தலுக்கும் உடன்படுதலுக்கும் உரியவை 72. பணம் கொடுத்து வாங்குபவன் இந்த 72-க்கும் வெளியே நிற்பவன் அல்லன்.

இதனை மனத்தில் கொண்டு அண்மைச் செய்திகள் சிலவற்றைப் பார்ப்போம்.

2025 அக்டோபரில் நாட்டையே உலுக்கிய செய்தி ஒன்று. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அம்மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். திருப்பருத்திக்குன்றத்து ஜினாலயம் நிற்கும் அதே மாவட்டம். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்ந்தபோது, டை-எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு வேதிப்பொருள் அதில் 48.6 விழுக்காடு இருந்தது. 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாத பொருள் அது. மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரொப்பிலீன் கிளைக்காலைப் போலவே தோற்றம் உடையது. நிறமற்றது, இனிப்பானது, கண்ணால் பிரித்தறிய இயலாதது. 1972-இல் சென்னையிலும் இதே வேதிப்பொருள் கலந்த மருந்தால் குழந்தைகள் இறந்திருக்கின்றனர்.

சமந்தபத்ராசாரியார் அருளிய ரத்னகரண்டக சிராவகாசாரத்தில், கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் சொல்லப்பட்டுள்ளன. அதிசாரம் என்பது விரதத்தை வெளிப்படையாக முறிக்காமலேயே மாசுபடுத்தும் குற்றம். அந்த ஐந்தனுள் ஒன்று, ஒன்றைப் போன்ற மற்றொன்றை அதனோடு கலத்தல். குறைந்த அளவால் கொடுத்து மிகுந்த அளவால் கொள்ளுதலும், திருடிய பொருளை வாங்குதலும் அவ்வரிசையிலேயே வருகின்றன. விற்பவனின் குற்றத்தோடு வாங்குபவனின் குற்றத்தையும் ஒரே பட்டியலில் வைத்த நுட்பத்தை எண்ணிப் பாருங்கள்.

அக்குழந்தைகளின் பெற்றோரிடம் குற்றம் காண்பது கொடுமை. அவர்கள் நம்பிக் கொடுத்தனர். ஆனால் செய்தியைப் படித்த நமக்கு ஒரு கடமை உண்டு. இச்சோகத்தை ஒட்டி மத்தியச் சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கலாகாது என்றும், ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்குப் பொதுவாக அவை பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் அறிவுறுத்தியது. இதை நம் வீட்டில் எத்தனை பேர் அறிவோம்? மருத்துவரைக் கேளாமல் கடையில் ஒரு புட்டி வாங்கி வைக்கும் வழக்கம் நம் வீட்டில் நின்றுவிட்டதா?

இவ்விடத்தில் செய்தியைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். அனர்த்ததண்டம், அதாவது பயனில்லாத ஹிம்சை, ஐந்து வகை என்பர். அவற்றுள் அபத்தியானம் என்பது பிறருக்குத் தீங்கு நினைத்தல்; துச்சுருதி என்பது உள்ளத்தைக் கலக்கும் தீய செய்திகளில் செவி கொடுத்தல். அந்நாட்களில் இறந்த குழந்தைகளின் படங்கள் கைப்பேசிகளில் குழுவுக்குக் குழு பறந்தன. அவற்றோடு “இவர்களைத் தூக்கில் இட வேண்டும்” என்ற சொற்களும் பறந்தன. மூன்றாம் நாள் வேறு செய்தி வந்தது. விரல் அதற்குத் தாவிற்று. மருத்துவ அறிவுரை மட்டும் எந்தக் குழுவுக்கும் போய்ச் சேரவில்லை. ஒரு செய்தி நம் ஒழுக்கத்தில் சிறு மாற்றத்தையேனும் செய்தால் அது கல்வி. சினத்தை மட்டும் எழுப்பிவிட்டுப் போனால் அது துச்சுருதி. இந்த ஒரு வேறுபாட்டை வைத்துக்கொண்டு நாம் எதைப் பிறருக்கு அனுப்புகிறோம் என்று தேர்ந்தால் போதும்.

அடுத்து, நம் வாயிலுக்கு நாள்தோறும் வரும் இளைஞனைப் பற்றிப் பேசுகிறேன். முதுகில் பெரிய பை, தலையில் கவசம், கையில் கைப்பேசி. பத்து நிமிடத்தில் பொருள் வந்து சேரும் என்று நிறுவனங்கள் விளம்பரம் செய்தன. 2025-இன் இறுதி நாளன்று இத்தொழிலாளர்கள் நாட்டின் பல நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தனர். 2026 ஜனவரியில், மத்தியத் தொழிலாளர் துறை வலியுறுத்தியதை அடுத்து, ‘பத்து நிமிடம்’ என்ற வாசகம் விளம்பரங்களிலிருந்து நீங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு இத்தொழிலாளர்களுக்கென 2023-இலேயே தனி நலவாரியம் அமைத்தது. அரசின் கடமை அரசுக்கு. நம் கடமை என்ன?

ரத்னகரண்டகம் பரிக்கிரகத்தை அளவுபடுத்தும் விரதத்திற்கும் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. முதலாவது அதிவாகனம். பொருளாசையால் மாட்டையோ பிறரையோ அவர்தம் ஆற்றலுக்கு மேல் விரைந்து ஓட்டுதல் என்பது அதன் பொருள். இரண்டாவது அதிசங்கிரகம், தேவைக்கு மேல் சேர்த்தல். ஐந்தாவது, தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல். வண்டி மாட்டை எண்ணிச் சொன்ன இச்சொற்கள் இன்று இருசக்கர வண்டியில் வரும் அந்த இளைஞனுக்குப் பொருந்துகின்றன. அன்று சாட்டை வண்டிக்காரன் கையில் இருந்தது, எல்லோரும் பார்த்தனர். இன்று ‘இன்னும் வரவில்லையே’ என்று கைப்பேசியைத் தட்டும் விரலில் இருக்கிறது, எவரும் பார்ப்பதில்லை.

நம் சமூகத்திற்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. நகரங்களில் வாழும் நம் குடும்பங்களில் கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்கின்றனர். கதிரவன் மறையுமுன் உண்ண வேண்டும். சமைக்க நேரமில்லை. ஆகவே மாலை ஐந்தரை மணிக்கு உணவுக்கோ காய்கறிக்கோ கைப்பேசியில் கட்டளை இடுகிறோம். சாலை நெரிசல் மிகுந்த அந்த நேரத்தில் ஓர் இளைஞன் ஓடோடி வருகிறான். நம் இரவுண்ணா விரதம் காக்கப்படுகிறது. ஆனால் பார்வைக்கு அகப்படாத சிற்றுயிர்கள் மடியாதிருக்கக் கொண்ட விரதத்திற்காக, கண்ணெதிரே வரும் ஒரு மனித உயிரை விரைந்து ஓட்டலாமா? விரதத்தை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை, ஒருபோதும் சொல்லமாட்டேன். காலையிலேயே மாலை உணவுக்கு ஏற்பாடு செய்யலாம். ஒரு மணி நேரம் முன்னதாகக் கட்டளை இடலாம். ஞாயிறன்று ஒரு வாரத்துக்குரிய மளிகையை ஒன்றாக வாங்கலாம். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, “மெதுவாகப் போங்கள் தம்பி” என்று ஒரு சொல் சொல்லலாம். ஊண், நீர் தடுத்தல் அஹிம்சை விரதத்தின் அதிசாரம் என்றால், அவற்றை அளித்தல் அந்த விரதத்தின் அழகு.

பச்சைப் புள்ளியைப் பற்றியும் கேட்கிறார்கள். பொட்டலத்தின் மேல் பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் இருந்தால் அது சைவ உணவு என்று சட்டம் சொல்கிறது. அந்த வட்டம் தேனுக்கும் உண்டு, கிழங்குக்கும் உண்டு. தேன் நம் முன்னோர் கள்ளோடும் ஊனோடும் சேர்த்து விலக்கிய பொருள். எனவே அக்குறியீடு அரசு தரும் உதவி. நம் விரதத்திற்கு முழுச் சான்று ஆகாது. உணவுப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கும் நாம், கூட்டுக் குளிகையை விழுங்கும்போது அதன் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுத்த ஜெலட்டின் என்பதை நினைப்பதில்லை. நோயுற்றவர் மருந்தை நிறுத்தக் கூடாது. ஆயின் மாத்திரை வடிவிலோ தாவர உறையிலோ கிடைக்குமா என்று மருத்துவரைக் கேட்கத் தடை ஏதுமில்லை.

இனி, நம் திருமண வீடுகளின் பட்டு. காஞ்சிபுரமும் ஆரணியும் நம் ஊர்களுக்கு அருகில் உள்ளவை. அங்கே நெய்யும் கைகளை நாம் அறிவோம். புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்தால் நீண்ட இழை அறுந்துவிடும் என்பதால், கூட்டுக்குள் இருக்கும்போதே அது வெப்பத்தால் கொல்லப்படுகிறது. இதை அறிந்தும் பேசத் தயங்குகிறோம். நெசவாளர் வாழ்வும் இதில் அடங்கியிருப்பதால் அத்தயக்கம் பிழையன்று. ஆனால் வழி இல்லாமல் இல்லை. 1990 வாக்கில், அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி அம்மையார், புழுவைக் கொல்லாத பட்டுச் சேலை கிடைக்குமா என்று கேட்டார். ஆந்திர நெசவுத் துறையில் பணிபுரிந்த குசும ராஜய்யா அக்கேள்வியைப் பிடித்துக்கொண்டு முயன்று, அந்துப்பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூல் நூற்று, அஹிம்சைப் பட்டை உருவாக்கினார். வாங்க வந்த ஒருவரின் கேள்விதான் அதற்கு வித்து. பட்டு நெய்யும் தறி பருத்தியும் நெய்யும். நம் வீட்டுத் திருமணங்களுக்குக் கொல்லாப் பட்டும் கைத்தறிப் பருத்தியும் வேண்டும் என்று நூறு குடும்பங்கள் கேட்டால், நெசவாளருக்கு வேலையும் இருக்கும். புழுவுக்கு உயிரும் இருக்கும்.

“இப்படிப் பார்த்தால் எதையுமே வாங்க முடியாதே” என்று இளைஞர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. நம்முள் மிகப் பலர் உழவர் மரபினர். ஏர்முனையில் சிற்றுயிர் மடியும் என்பதை அறிந்தே உழுதோம். வாழ்வதற்கான தொழிலில் நேரும் ஹிம்சை வேறு, எண்ணி விளைக்கும் ஹிம்சை வேறு என்று ஆசாரியர்கள் பிரித்துக் காட்டினர். துறவியின் மகாவிரதத்தை இல்லறத்தான் மேல் அவர்கள் ஏற்றவில்லை. அணுவளவு கொள்க, கொண்டதை வழுவாது காக்க என்றனர். ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டியது இதுவே: இதில் உள்ள ஹிம்சை என் வாழ்வுக்குத் தவிர்க்க இயலாததா, அன்றிப் பயனற்றதா? பயனற்றது என்று தெரிந்தால் விட்டுவிடலாம். விட்டவர் விடாதவரைப் பழித்தலும் ஆகாது, செருக்கும் கஷாயமே.

இதற்கென்று புதிய சடங்கு எதுவும் வேண்டா. மாலையில் சாமாயிகம் செய்வோர் அன்றைய குற்றங்களை எண்ணிப் பார்க்கும் வழக்கம் நமக்கு உண்டு. அந்த வேளையில், இன்று நான் வாங்கியவை எவை என்பதையும் ஒருமுறை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அவற்றுள் எது தேவை, எது விளம்பரத்தால் வந்தது, எதற்காக யார் ஓடினார், எந்த உயிர் வருந்தியது என்று கேளுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக் கேளுங்கள். ஒரு மாதம் செய்து பாருங்கள். வீட்டுச் செலவுக் கணக்கும் குறையும். வினைக் கணக்கும் குறையும்.

எல்லா உயிர்களும் இன்புற வேண்டும் என்று இன்று காலை வழிபாட்டில் அனைவரும் சேர்ந்து வேண்டினோம். அவ்வேண்டுதலில் வாயிலில் நிற்கும் இளைஞனும், முகமறியாக் குழந்தையும், கூட்டுக்குள் உறங்கும் புழுவும் அடங்குவர் என்று நினைவுகூர்ந்து, என் உரையை நிறைவு செய்கிறேன்.

அறம் வளர்க! ஜெய் ஜினேந்திரா!