நோலாவின் லில்லிக் கோபுரங்கள்

தென் இத்தாலியில், நேப்பிள்ஸ் மாநகருக்குக் கிழக்கே, வெசூவியஸ் எரிமலைக்கு அப்பால் விரியும் சமவெளியில் நோலா என்னும் சிறு நகரம் இருக்கிறது. சரித்திரம் பயின்றவர்களுக்கு இப்பெயர் முற்றிலும் புதியதன்று. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 14-இல் உயிர் நீத்தது இவ்வூரில்தான். 1600-இல் ரோமில் தீயிலிடப்பட்ட தத்துவ ஞானி ஜியார்டானோ புரூனோ 1548-இல் பிறந்ததும் இங்கேதான். இளமையிலேயே ஊரை விட்டுப் புறப்பட்டு, ஐரோப்பா முழுவதும் அலைந்து திரிந்த அவர், இறுதிவரை தம்மை நோலாக்காரர் என்றே சொல்லிக்கொண்டார். எனினும், அவ்வூர் மக்களிடம் உங்கள் ஊரின் சிறப்பு யாது என்று வினவினால், சக்கரவர்த்தியும் ஞானியும் பின்னுக்குப் போய்விடுவார்கள். கோடையில் ஜூன் மாதத்தில் நடைபெறும் ஊர்த் திருவிழாவே அவர்கள் நாவில் முதலில் வரும்.

அவ்விழாவின் நாயகர் புனித பவுலினுஸ். அவர் நோலாவில் பிறந்தவரல்லர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கி.பி. 354-ஐ ஒட்டி, இன்று பிரான்ஸில் உள்ள போர்தோ நகரில், பெருஞ்செல்வக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ரோமானிய அரசில் உயர் பதவிகள் வகித்தார்; நோலாவை உள்ளடக்கிய கம்பானியா மாகாணத்தை ஆளுநராக இருந்து நிர்வகித்தார்; கவிஞராகவும் புகழ் பெற்றார். ஸ்பெயின் நாட்டுப் பெண்ணாகிய தெரேசியாவை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த ஒரே ஆண் குழந்தை சில நாட்களிலேயே இறந்துவிட்டது. அதன்பின் கணவனும் மனைவியும் தங்கள் செல்வத்தைப் படிப்படியாக ஏழைகளுக்கு வழங்கிவிட்டு, நோலாவுக்கு வந்து எளிய துறவு வாழ்க்கை மேற்கொண்டார்கள். பிற்பாடு அவ்வூரின் மேற்றிராணியாராகி, 431-இல் மறையும் வரை அவர் அப்பணியில் இருந்தார்.

இனி, விழாவுக்குக் காரணமாக வழங்கும் கதையைக் கேளுங்கள். வாண்டல் இனத்தார் கம்பானியாவைக் கொள்ளையிட்டு, மக்களைச் சிறைபிடித்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு விதவைத் தாய் பவுலினுஸிடம் வந்து, தன் மகனை மீட்கப் பொருள் வேண்டி நின்றாள். அவரிடமோ கொடுக்க ஒன்றுமில்லை. இருந்ததையெல்லாம் முன்னமே கொடுத்தாயிற்று. "என்னிடம் இருப்பது நான் ஒருவனே, என்னைக் கொடுத்து உன் மகனை மீட்டுக்கொள்" என்றார் அவர். இருவரும் கடல் கடந்து சென்றார்கள். மகன் விடுதலை பெற்றான். மேற்றிராணியார் அரசனின் மருமகன் தோட்டத்தில் கீரையும் காயும் பயிரிடும் அடிமையானார். காலப்போக்கில் அவர் யாரென்பது அரண்மனைக்குத் தெரியவந்தது. வேண்டியதைக் கேட்கலாம் என்றபோது, தம் ஊரிலிருந்து வந்த சிறைப்பட்டோர் அனைவரையும் விடுவிக்குமாறு கேட்டார். கோதுமை ஏற்றிய கப்பல்களோடு எல்லாரும் ஊர் திரும்பினார்கள்.

இக்கதையை ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்தவர் பாப்பரசர் முதலாம் கிரகோரியார். சரித்திர ஆராய்ச்சியாளர் இதை அப்படியே ஏற்பதில்லை. வாண்டல்கள் ரோமாபுரியைச் சூறையாடிய ஆண்டு 455. பவுலினுஸ் மறைந்ததோ அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்னர். ஆயினும் கதை வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் இயலாது. 410-இல் காத் இனத்தார் நோலாவைத் தாக்கியபோது பவுலினுஸ் சிறைப்பட்டார் என்பதை அவர் காலத்தவரான புனித அகஸ்டீன் குறித்திருக்கிறார். பகைவர் கையில் சிக்கிய ஊரின் துயரமும், ஊராரோடு நின்ற பெரியவரின் நினைவும் ஒன்று கலந்து இக்கதையாக விளைந்திருக்கலாம்.

திரும்பி வந்தவர்களை ஊர்மக்கள் லில்லி மலர்களோடு எதிர்கொண்டார்கள் என்பது நோலாவின் செவிவழி மரபு. இத்தாலிய மொழியில் லில்லி மலருக்கு ஜீலியோ என்று பெயர். காலம் செல்லச் செல்ல, கையில் ஏந்திய மலர் அலங்கார மெழுகுவர்த்தியாயிற்று, மெழுகுவர்த்தி மரத்தூணாயிற்று, தூண் வளர்ந்து கோபுரமாயிற்று. இன்று ஜீலியோ என்பது 25 மீட்டர் உயரமுள்ள மரக்கோபுரம். மரச்சட்டத்தின் மீது, காகிதக் கூழில் வார்த்த சிற்பங்களும் தூண்களும் தேவதூதர் உருவங்களும் பொருத்தி அதை அலங்கரிக்கிறார்கள். இக்கலை நோலாக் கைவினைஞரிடம் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது.

கோபுரங்கள் எட்டு. ஒவ்வொன்றும் ஒரு பழைய தொழிற்குழுவின் பெயரால் வழங்குகிறது: காய்கறித் தோட்டக்காரர், பன்றியிறைச்சிப் பண்டம் விற்போர், மதுக்கடைக்காரர், ரொட்டி சுடுவோர், கசாப்புக்காரர், செருப்புத் தைப்போர், கொல்லர், தையற்காரர். அடிமையாகித் தோட்ட வேலை செய்தவரின் விழாவில், தோட்டக்காரரின் கோபுரமே வரிசையில் முதலில் வருவது மிகப் பொருத்தம் அன்றோ! நான்கு கோபுரங்களுக்குப் பின், நடுவே, பவுலினுஸ் திரும்பி வந்த மரக்கலத்தின் உருவம் செல்லும். மற்ற நான்கும் அதைத் தொடரும்.

புனிதரின் திருநாள் ஜூன் 22. அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அன்றே ஊர்வலம். இல்லாவிடில் அடுத்து வரும் ஞாயிறு. காலையில் எட்டுக் கோபுரங்களும் மரக்கலமும் பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் கூடும். மேற்றிராணியார் ஆசி வழங்குவார். பிறகு நகரத்தின் பழைய தெருக்களில் ஊர்வலம் தொடங்கி, இரவு முழுவதும் நடந்து, மறுநாள் பொழுது புலர்ந்த பின்னரே ஓயும்.

இக்கோபுரங்களுக்குச் சக்கரம் இல்லை. வடம் பிடித்து இழுப்பதும் இல்லை. இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட எடையை, தண்டுகளில் தோள் கொடுத்து, சுமார் 120 பேர் தூக்குகிறார்கள். போதாக்குறைக்கு, பாடகரும் வாத்தியக்காரரும் அடிப்பீடத்திலேயே அமர்ந்துகொள்வார்கள்! தூக்குவோருக்கு அவ்வூரில் வழங்கும் பெயருக்குத் 'தாலாட்டுவோர்' என்று பொருள் சொல்கிறார்கள். நெருங்கி நடக்கும் அவர்களுடைய சிற்றடிகளால் கோபுரம் தொட்டில்போல் மெல்ல அசைவதே அப்பெயருக்குக் காரணம். அடியில் நிற்பவனுக்கு உச்சி தெரியாது. எதிரே நிற்கும் தலைவன் குரல் ஒன்றே அவர்களுக்குக் கண். அவன் ஆணையிட்டதும் எல்லாத் தோள்களும் ஒருங்கே உயர வேண்டும். இன்னொரு ஆணையில் ஒருங்கே இறங்க வேண்டும். ஒருவன் அவசரப்பட்டால் அவன் பங்குச் சுமை அடுத்தவன் தோளில் விழும். குறுகிய சந்துகளில், மாடங்களுக்கு இடையே கோபுரத்தைத் திருப்பும் வேளையில் ஊரே மூச்சடக்கி நிற்கும். பல ஆண்டுகள் சுமந்தவரின் தோளில் சதை தடித்துக் காய்த்திருக்கும். அதை அவர்கள் பெருமையாகவே கருதுகிறார்கள்.

2013-இல் யுனெஸ்கோ நிறுவனம், தோளில் சுமக்கும் பேருருவ விழாக்கள் என்ற தலைப்பில் நோலா, பல்மி, சாஸ்ஸாரி, வித்தெர்போ ஆகிய நான்கு இத்தாலிய நகரங்களின் விழாக்களை மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் சேர்த்தது. ஆனால் நோலா விழா உலகை அடைந்தது அதற்கு நெடுநாள் முன்பே. அதைக் கொண்டுசென்றவர்கள் ஏழைத் தொழிலாளிகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வறுமை காரணமாகத் தென் இத்தாலியர் லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். நோலாக்காரர் பலர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், வில்லியம்ஸ்பர்க் என்னும் பேட்டையில் குடியேறினார்கள். 1903-இல் அவர்கள் அங்கே ஒரு ஜீலியோவை எழுப்பித் தோளில் தூக்கினார்கள். பங்குக் கோவில் கார்மேல் மாதாவுக்கு உரியது. ஆகவே இரு விழாக்களையும் இணைத்து ஜூலை மாதத்தில் கொண்டாடலானார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில், அப்பேட்டையை ஊடறுத்துச் சென்ற பெருஞ்சாலைக்காகப் பழைய கோவிலே இடிபட்டது. புதிய கோவில் எழுந்தது. இத்தாலியக் குடும்பங்கள் பலவும் வெளியூர்களுக்குப் பெயர்ந்தன. விழா நிற்கவில்லை. பெயர்ந்து போனவர்களும் அவர்கள் மக்களும் ஜூலையில் புரூக்ளினுக்கு வந்து தண்டுக்குத் தோள் கொடுக்கிறார்கள்.

இங்கே சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. நோலாவின் திருவிழா, கடல் கடந்து போனவர்கள் ஊர் திரும்பியதைக் கொண்டாடும் விழா. புரூக்ளினில் அதைத் தொடங்கியவர்களுள் பலர் ஊர் திரும்பவே இல்லை. அவர்களுடைய பேரர்களுக்கோ புரூக்ளினே திரும்பிவரும் ஊராகிவிட்டது. பிழைப்பின் பொருட்டு மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. திரும்புவதற்கு ரயில் சீட்டு ஒன்றுதான் வழி என்பதில்லை. ஆண்டுக்கொரு நாள், அறிந்தவர் பக்கத்தில் நின்று, ஒரே சுமைக்குத் தோள் கொடுப்பதும் ஒருவகையில் ஊர் திரும்புதலே. அதற்கு அடுத்த தலைமுறையும் வந்து நின்றால்தான் கோபுரம் எழும். மொழி தெரிந்த பிள்ளைகளும் தெரியாத பிள்ளைகளும் அங்கே வந்து நிற்கிறார்கள் என்பதே வில்லியம்ஸ்பர்க் நமக்குச் சொல்லும் நற்செய்தி.