முதலில் எந்தச் சொல்லைச் சொல்லித் தருவது?
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நம் குடியிருப்பில் வேலை பார்ப்பவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வகுப்பு நடத்தலாம் என்ற யோசனை வந்திருக்கிறது. சங்க அறையைத் தருவதா என்று இன்று முடிவெடுக்கப் போகிறோம். அதற்கு முன் சொல்லித் தரும் முறையைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

நாம் என்ன செய்வோம்? அரிச்சுவடி வாங்கி வந்து 'அணில், ஆடு' என்று தொடங்கிவிடுவோம். ஐம்பது வயது அம்மாவுக்கு அது கூச்சம். இரண்டு நாள் வருவார். மூன்றாம் நாள் "வீட்டுல வேலை இருக்குங்க" என்பார். 247 எழுத்து என்று சொல்லிவிட்டாலோ அந்த இரண்டு நாளும் வரமாட்டார்.

புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். வயலுக்கும் கல்குவாரிக்கும் போய்வந்த பெண்கள் இரவில் படித்தார்கள். அறிவொளிப் பாடம் அணிலில் தொடங்கவில்லை; 'பட்டா', 'படி' என்று தொடங்கியது. பட்டா என்றால் நிலம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைப்பது எவ்வளவு ஆபத்து என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ப, ட இரண்டோடு 'ம'வைச் சேர்த்தால் படம், பாட்டி, மாடி, பட்டம் எல்லாம் வந்துவிடும். கூடவே சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். பிறர் பின்னால் உட்கார்ந்து போக வேண்டிய அவசியம் போயிற்று. என்னைக் கேட்டால், பாதிப் படிப்பு அதுதான்.

பிரேசிலில் பாவ்லோ பிரையரி 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்குச் சுமார் 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்தார். அவர் முறையில் பேர்பெற்ற பாடச்சொல் 'செங்கல்'. செங்கல் சூளைகள் உள்ள நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டுமா!

நம் ஊரில் அந்தச் சொல் எது? அவர்களையே கேட்போம். அவரவர் பெயராக இருக்கலாம். கும்மிடிப்பூண்டியோடு நிற்கிற ரயிலா, சூலூர்ப்பேட்டை வரை போகிறதா என்று பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதாக இருக்கலாம். சம்பளச் சீட்டாக இருக்கலாம். சிலர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சிப்காட்டுக்கு வந்த ஒடிசா, பீகார்க்காரர்களும் இருக்கிறார்கள். எந்த மொழியில் படிப்பது என்பதை அவர்களே சொல்லட்டும்.

புத்தகச் செலவு பெரிய விஷயமில்லை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் இருக்கிறது. தன்னார்வலர்கள்தான் சொல்லித் தருகிறார்கள். தேர்வும் சான்றிதழும் உண்டு. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் விசாரிக்கலாம்.

நேரம்தான் சிக்கல். மாலை ஆறு மணி நமக்கு வசதி. ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் வீட்டு உலையை யார் வைப்பது? மதியம் இரண்டரை என்றால் வருவார்கள். வாட்ச்மேன்களுக்கு வகுப்பு அரைமணியையும் வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும். சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. இதற்குச் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் அறையை மட்டும் தந்தால் காலி நாற்காலிகளுக்குத்தான் பாடம் நடத்துவோம்.

ஒரு கரும்பலகை, பெரிய எழுத்து அட்டைகள், வாரத்தில் இரண்டு மதியம் வரக்கூடிய நான்கு பேர் தேவை. வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.