கோட்டில் விழாத புள்ளி

(முன்னாள் மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இயற்பியல் பிராக்டிகலில் கிராஃப் போடும்போது, கோட்டை விட்டு விலகி நின்ற புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டு, கோட்டின் மேலேயே ஒன்றை வைத்தவன் நான். ரெகார்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்! அது எவ்வளவு பெரிய தப்பு என்று காலக்ஸிகளைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. அந்தக் கதையைச் சொல்றேன்.

இரவில் ஒரு விளக்கு தெரிகிறது. பக்கத்திலுள்ள 40 வாட் பல்பா, தொலைவிலுள்ள 1000 வாட் பல்பா? பார்த்தால் தெரியாது. காலக்ஸிக்கும் இதே சிக்கல்தான். 1977-இல் ப்ரெண்ட் டல்லி, ரிச்சர்ட் ஃபிஷர் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். சுருள் காலக்ஸியிலுள்ள ஹைட்ரஜன் வாயு 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையை வீசுகிறது. காலக்ஸி சுழல்வதால் ஒரு பக்கத்து வாயு நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கத்து வாயு விலகிப் போகிறது. டாப்ளர் விளைவால் அந்த அலைக்கோடு அகலமாகிறது. அகலத்தை அளந்து, காலக்ஸியின் சாய்வுக்குத் திருத்தம் செய்தால் வேகம் கிடைக்கும். வேகம் கூடக்கூட உண்மை ஒளியும் கூடுகிறது. அகச்சிவப்பு ஒளியில் அளந்தால், வேகம் இரண்டு மடங்கானால் ஒளி ஏறத்தாழ 16 மடங்கு! வாட் தெரிந்தால் தூரமும் தெரிந்துவிடும்.

எல்லா வகைக் காலக்ஸிக்கும் ஒரே கோடுதானா? இல்லை. நீள்வட்டக் காலக்ஸிகளில் விண்மீன்கள் பெரும்பாலும் பல திசைகளில் தாறுமாறாக ஓடுகின்றன. அந்த வேகங்களின் பரவலுக்கும் ஒளிக்கும் இதுபோன்ற உறவை 1976-இல் சாண்ட்ரா ஃபேபர், ராபர்ட் ஜாக்சன் கண்டார்கள். சுருள் காலக்ஸிகளிலும், நடுப்பகுதி புடைத்தவை அதே வேகத்தில் நீல ஒளியில் மங்கலாக இருப்பதை 1985-இல் வேரா ரூபின் குழுவினர் காட்டினர். நீல ஒளி இளம் விண்மீன்கள் தருவது. அகச்சிவப்பில் அளந்தால் வேறுபாடு குறைகிறது.

மெதுவாகச் சுழலும் குள்ளக் காலக்ஸிகள்தான் பெரிய தலைவலி. கோட்டுக்குக் கீழே போய் நின்றன. அவற்றை யாரும் அழிக்கவில்லை. 2000-இல் ஸ்டேசி மெக்காவும் உடனிருந்தோரும் விண்மீன்களின் நிறையோடு வாயுவின் நிறையையும் கூட்டிப் பார்த்தார்கள். குள்ளர்களும் கோட்டில் வந்து சேர்ந்தார்கள்! தப்பு புள்ளியில் இல்லை. நாம் எதைக் கணக்கில் எடுத்தோம் என்பதில் இருந்தது.

இன்னும் ஒரு புதிர் உண்டு. வேகத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளுக்கு என்கிறார்கள். அப்படியானால், சிறுபான்மையான சாதாரணப் பொருள் எப்படி வேகத்தோடு இவ்வளவு ஒட்டிப் போகிறது? காலக்ஸிகள் உருவான விதமே காரணம் என்கிறார்கள் பலர்; ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டும் என்கிறார்கள் சிலர். வழக்கு முடியவில்லை.

மாணவச் செல்வங்களே, அடுத்த பிராக்டிகலில் ஒரு புள்ளி விலகி நின்றால் ரப்பரை எடுக்காதீங்க. மறுபடி அளந்து பாருங்க. அப்பவும் அங்கேயே நின்றால், சுற்றி ஒரு வட்டம் போட்டு ‘ஏன்?’ என்று எழுதுங்க. பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த வட்டத்துக்கு மார்க் குறைக்காதீர்கள்.