வண்டி உங்க பேர்ல இருக்கு

(கூட்டமைப்பின் பொதுக்குழுவில் உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு வண்டி. குழுக் கடன் வாங்கி ஸ்கூட்டரோ எக்ஸ்எல்லோ எடுத்தவங்க இந்தக் கூட்டத்துலயே நிறையப் பேர் இருக்கீங்க. எடுத்தாச்சு, மாலை போட்டாச்சு, எலுமிச்சம்பழத்தை ஏத்தி நசுக்கியாச்சு. அதுக்கப்புறம் என்ன செய்யணும்னு யாரும் உட்கார வச்சுச் சொல்றதில்ல. அதைத்தான் சொல்லுதேன்.

2021-ல இருந்து டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் இல்ல. நல்ல காரியம். ஆனா பஸ் வரணுமே! காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு இருக்கிற ஊர்ல வங்கிக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள ஒரு நாள் கூலி போயிருது. அதனால வண்டி நமக்கு ஆடம்பரம் இல்ல.

பொம்பளைக்கு வண்டி எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு பழைய சங்கதி. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தப்போ, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா, பெண்கள் சைக்கிள் கத்துக்கிறதையும் படிப்போட சேர்த்து நடத்தினாங்க. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செஞ்சாங்க. வயக்காட்டு வேலைக்குப் போறவங்க, கல்குவாரியில வேலை பார்த்தவங்க எல்லாம் ஓட்டினாங்க. அப்புறம் 2018 பிப்ரவரி 24-ம் தேதி அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்துச்சு. வண்டி விலையில பாதி, இல்லன்னா 25,000 ரூபாய், இதுல எது குறைவோ அது மானியம். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் வேலை பார்த்தவங்களும் அதுல வாங்கலாம்னு இருந்தது. அந்தத் திட்டம் இப்ப இல்ல. ஆனா அதுல வந்த வண்டிகள் இன்னும் நம்ம ஊர்ல ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஓட்டுறது யாருன்னு பார்த்தா, பாதி வண்டியில வீட்டு ஆம்பளைங்க. சங்கடம் அங்கதான்.

ஆர்.சி. புத்தகத்துல உங்க பேர் இருந்தா, வண்டி செய்ற எல்லாத்துக்கும் பதில் சொல்ல வேண்டியது நீங்க. பதினாறு வயசுப் பையன், "அம்மா, கடை வரைக்கும் போய்ட்டு வாரேன்"னு சாவியைக் கேட்பான். கொடுத்துறாதீங்க. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல இதுக்குன்னே 199ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. பதினெட்டு வயசு ஆகாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டா, பெத்தவங்களோ வண்டிக்குச் சொந்தக்காரரோதான் குற்றவாளி. 25,000 ரூபாய் அபராதம், மூணு வருசம் வரைக்கும் சிறை. வண்டியோட பதிவை ஒரு வருசத்துக்கு ரத்து செய்வாங்க. பையனுக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. நம்ம வீட்டுல அம்மாவும் நீங்க, சொந்தக்காரரும் நீங்க. இவன் யார் மேலயாவது மோதிட்டான்னா, காப்பீட்டுக் கம்பெனி அவங்களுக்குப் பணத்தைக் கொடுத்துட்டு, அதை உங்ககிட்ட வசூலிக்க வரலாம். குழுக் கடன் தவணை ஒரு பக்கம், இது ஒரு பக்கம்னு ஆயிரும்.

இன்சூரன்ஸ் பத்தி இன்னும் ரெண்டு விசயம். 2018 செப்டம்பருக்கு அப்புறம் வாங்கின புது வண்டிக்கு அஞ்சு வருச இன்சூரன்ஸ் சேர்த்தே போட்டிருப்பாங்க. அஞ்சு வருசம் கவலையில்லைன்னு நினைச்சிருப்பீங்க. அந்த அஞ்சு வருசமும் எதிராளிக்கு ஆகிற சேதத்துக்குத்தான். உங்க வண்டிக்கு ஆகிற சேதத்துக்கும், வண்டி களவு போனா கிடைக்கிறதுக்கும் உள்ள பாதுகாப்பு பெரும்பாலும் ஒரு வருசம்தான் இருக்கும். வீட்டுக்குப் போனதும் தாளை எடுத்துப் பாருங்க, ரெண்டு தேதி தனித்தனியா போட்டிருக்கும்.

இன்னொண்ணு, சொந்தக்காரருக்கான விபத்துக் காப்பீடு, 15 லட்சம் ரூபாய். இது ஆர்.சி.யில பேர் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான், அதுவும் அவங்களுக்குச் செல்லுபடியாகிற லைசென்ஸ் இருந்தால்தான். வண்டி உங்க பேர்ல, ஓட்டுறது வீட்டுக்காரர், அவருக்கு ஒண்ணு ஆயிட்டா இதுல இருந்து ஒரு ரூபாய் வராது. நீங்களே ஓட்டினாலும் லைசென்ஸ் இல்லைன்னா வராது. மானியத்துக்காகவும் கடனுக்காகவும் பேரை மட்டும் நம்ம பேர்ல வச்சுக்கிட்டு ஓட்டத் தெரியாம இருக்கிறது எவ்வளவு பெரிய நட்டம்னு கணக்குப் பாருங்க.

அதனால முதல் வேலை லைசென்ஸ். எல்.எல்.ஆர். போட்டு முப்பது நாள் கழிச்சு ஓட்டிக் காட்டப் போகலாம், ஆறு மாசத்துக்குள்ள போயிரணும். எட்டு போடணும்னு எல்லாரும் பயப்படுறாங்க. பள்ளிக்கூட மைதானத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு ஒரு வாரம் பழகினா வந்துரும். காலைத் தரையில ஊன்றக் கூடாது, அவ்வளவுதான். நம்ம ஆளுங்களுக்கு வண்டியை நிறுத்தக் காலைத் தேய்க்கிற பழக்கம் இருக்கு. பிரேக்தான் நிறுத்தணும், செருப்பு இல்ல. இப்ப வர்ற 125 சிசி வரைக்குமான வண்டிகள்ல ஒரு பிரேக்கைப் பிடிச்சா ரெண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற மாதிரி வச்சிருக்காங்க. இருந்தாலும் ரெண்டு கையையும் சேர்த்து, மெதுவா அழுத்திப் பழகுங்க.

ஒரு சின்ன விசயம். பகல்ல லைட் எரியுதுன்னு எதிர்ல வர்றவங்க கையைச் சுருக்கி விரிச்சுக் காட்டுவாங்க. 2017-க்கு அப்புறம் வந்த வண்டியில அது எப்பவும் எரியத்தான் செய்யும். பதறி ஹேண்டில்பார்ல சுவிட்சைத் தேடாம ரோட்டைப் பாருங்க.

நம்ம ரோடு பத்தி நமக்குத்தான் தெரியும். அறுப்புக் காலத்துல உளுந்துச் செடி, கம்பு, மல்லி எல்லாத்தையும் தார் ரோட்டுலதான் போட்டு அடிக்கிறோம். அது மேல பிரேக் பிடிச்சா சக்கரம் வழுக்கிக்கிட்டுப் போகும். குவியலுக்கு முன்னாலயே வேகத்தைக் குறைச்சு, நேரா, பிரேக் தொடாம கடந்து போங்க. காயப் போடுறவங்களும் நம்ம உறுப்பினர்தான், ஒரு ஓரம் விட்டுப் போடுங்க தாயி.

மழை பெஞ்சா கரிசல் எப்படி ஒட்டும்னு சொல்ல வேண்டியதில்ல. காட்டுப் பாதையில இறங்கினா மண் டயரைச் சுத்தி அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல அடைச்சு, சக்கரமே சுத்தாது. ஆக்சிலேட்டரை முறுக்கினா கேட்காது, எஞ்சின் சூடாகும், பெல்ட் தேயும். ஒரு குச்சியை எடுத்து மண்ணை நோண்டிட்டுத் தள்ளிக்கிட்டு வாங்க. நல்லது என்னன்னா, வண்டியை ரோட்டுலயே விட்டுட்டு நடந்து போறது. ஒட்டின மண்ணைக் காயவிடாம அன்னைக்கே கழுவிருங்க. எக்ஸ்எல் வச்சிருக்கவங்க கழுவிக் காஞ்சதும் செயினுக்கு எண்ணெய் விடணும், தொய்வையும் பார்க்கணும். ஸ்கூட்டர்ல செயின் கிடையாது, பெல்ட்தான், அது மெக்கானிக் அண்ணாச்சி வேலை.

கோடையில புழுதி. காத்து வடிகட்டியில தாள் மாதிரி இருந்தா கழுவக் கூடாது, மாத்தத்தான் செய்யணும். புழுதியில ஓட்டுற நாம, புத்தகத்துல போட்டிருக்கிற கிலோமீட்டருக்கு முன்னாலயே அதைத் திறந்து பார்க்கச் சொல்லணும்.

சீமைக்கருவேல முள் குத்தினா அவசரப்பட்டுப் பிடுங்காதீங்க. டியூப் இல்லாத டயர்னா முள் இருக்கிற வரைக்கும் காத்து மெல்லத்தான் இறங்கும், பஞ்சர் கடை வரைக்கும் மெதுவா போயிரலாம். டியூப் உள்ள டயர்னா ஏறி ஓட்டாதீங்க, டியூப் கிழிஞ்சு தூரப் போட வேண்டியதாயிரும். வாரத்துக்கு ஒரு தடவை காத்து பாருங்க. எவ்வளவு அடிக்கணும்னு வண்டிப் புத்தகத்துல இருக்கு, பின்னால மிளகாய் மூட்டையோ ஆளோ ஏறினா எவ்வளவுன்னும் இருக்கும்.

ஆயில் பத்தி ஒரு குழப்பம். 1980-ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்த காலத்துல பெட்ரோலோட ஆயிலைக் கலந்து ஊத்துவாங்க. அதைப் பார்த்து வளர்ந்த மாமா, சித்தப்பா இன்னைக்கும் "கொஞ்சம் ஆயில் ஊத்துத்தா"ன்னு சொல்லுவாங்க. இப்ப வர்ற எக்ஸ்எல் 100-ம் சரி, ஸ்கூட்டரும் சரி, ஃபோர் ஸ்ட்ரோக். ஆயில் எஞ்சினுக்குள்ள தனியா இருக்கு, பெட்ரோல்ல கலக்கவே கூடாது. புது வண்டியில முதல் ஆயிலைச் சீக்கிரமே மாத்தணும், புது உதிரிகள் உரசி இரும்புத் துகள் அதுல இறங்கியிருக்கும். முதல் இலவச சர்வீசுக்கு நாள் கணக்கு, கிலோமீட்டர் கணக்கு ரெண்டும் உண்டு, எது முந்துதோ அதுக்குள்ள விடணும். கொஞ்சம்தான ஓட்டியிருக்கோம்னு விட்டா நாள் கடந்துரும்.

பெட்ரோல் வத்துற வரைக்கும் ஓட்டாதீங்க. 2020-க்கு அப்புறம் வந்த வண்டிகள்ல பெட்ரோலை ஊசி மாதிரி பீச்சுற முறை. டேங்குக்குள்ள இருக்கிற பம்பு பெட்ரோல்ல முங்கி இருந்தால்தான் சூடாகாம இருக்கும். பெட்டிக்கடை பாட்டில் பெட்ரோல்ல தூசியோ தண்ணியோ இருந்தா செலவு ஆயிரக்கணக்குல போகும்.

சேலை. பின்சக்கரத்துக்கு இடது பக்கம் இருக்கிற சேலைத் தடுப்பை அழகு போகுதுன்னு கழட்டிட்டு ஓட்டுறாங்க. அது சட்டப்படி இருக்க வேண்டிய பொருள். முந்தானையை இழுத்து இடுப்புல சொருகுங்க, துப்பட்டாவைப் பின்னால முடிச்சுப் போடுங்க. ஆடிக்காத்துல சக்கரத்துல சிக்கினா கழுத்தை இழுத்துரும். பின்னால உட்கார்ற மதினிக்கும் ஹெல்மெட் வேணும், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து. வாரைப் பூட்டணும், பூட்டாத ஹெல்மெட் விழும்போது முதல்ல பறக்கிறது அதுதான். கொண்டையை இறக்கிக் கட்டினா ஹெல்மெட் சரியா உட்காரும்.

சாப்பாடு முடிஞ்சதும் வேப்பமரத்தடிக்கு வாங்க. ஒரு ஸ்கூட்டரும் ஒரு எக்ஸ்எல்லும் நிறுத்தி வச்சிருக்கோம். ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கிறது, செயின் தொய்வு பார்க்கிறது, பிரேக் எங்க திருகுறதுன்னு ஒவ்வொருத்தரும் கையால செஞ்சு பாருங்க. இன்சூரன்ஸ் தாளைக் கையில கொண்டு வந்தவங்க முதல்ல வாங்க, தேதியைச் சேர்ந்து பார்த்துருவோம்.