லொறியேறிய ஓவியங்கள்

ஊர் பார்க்கப் புறப்படுகிறவன் கண்ணிலே முதலிற் படவேண்டியவை மலையும் வயலும் அல்லவா? 1920ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலைகளில் அவனை எதிர்கொண்டவையோ விளம்பரத் தட்டிகள். திருப்பத்துக்குத் திருப்பம் பெற்றோலும் டயரும் தம் பெயரைக் கூவி நின்றன. மக்கள் முகஞ்சுளித்தனர். நாட்டுப்புறத்தைக் காக்கவென 1926இல் ஒரு சபையும் தோன்றிற்று.

அந்தக் கண்டனத்துக்குச் செவிசாய்த்த ஷெல் பெற்றோல் கம்பெனி, சாலையோரத் தட்டிகளைக் கைவிட்டது. பின் விளம்பரத்தை எங்கே ஒட்டுவது? பெற்றோல் ஏற்றிச் செல்லும் தன் லொறிகளின் பக்கங்களிலேதான்! லொறி போனதும் விளம்பரமும் போய்விடும். வயல் வயலாகவே இருக்கும்.

1930ஆம் ஆண்டுகளில் இவ்வேலைக்குப் பொறுப்பாயிருந்தவர் ஜாக் பெடிங்டன். சீனாவிற் பணியாற்றித் திரும்பிய அவர், விளம்பரச் சித்திரக்காரரோடு நில்லாமல் நல்ல ஓவியர்களையும் நாடினார். மக்நைட் கோபர் ஸ்டோன்ஹெஞ்சின் கற்றூண்களை வரைந்தார். வனெஸா பெல் அல்ஃப்ரிஸ்டன் கிராமத்தை வரைந்தார். பால் நாஷ் ரை என்னும் ஊரின் சதுப்பு நிலத்தை வரைந்தார்.

கிரகம் சதர்லண்டின் கதை சற்று வேறு. செதுக்குச் சித்திரப் பிரதிகளை விற்று வாழ்ந்தவர் அவர். 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தபோது அவற்றை வாங்குவார் அருகினர். பிழைப்புக்காக அவர் ஏற்ற வேலைகளுள் ஒன்று 1932இல் வந்த சுவரொட்டி. ஸ்வானேஜ் கடலோரத்திலே, சுமார் 40 தொன் நிறையுள்ள ஒரு கல் உலகுருண்டை இருக்கிறது. அதுவே அவர் எடுத்த பொருள். பணத்துக்குச் செய்ததென்பதால் அதைக் குறைத்து மதிக்க எனக்கு மனம் வரவில்லை. ஓவியக் கூடத்தின் படியேறாதவரும் தெருவோரத்திலே நின்று அவர் படத்தைக் கண்டனர் அல்லவா?

ஆயினும் ஒன்று நெருடுகிறது. இப்படங்களிற் பெரும்பாலானவற்றில் மோட்டார் வண்டியே இல்லை. ஆளரவமற்ற அழகுதான் உண்டு. அந்த அழகைக் காண வாருங்கள் என்று அவை அழைத்ததோ வண்டிக்காரரை. தட்டியை அகற்றிய கம்பெனியே அந்த நிலத்துக்கு வண்டிகளையும் வரவழைத்தது. 1939 அளவில் பிரித்தானியாவில் ஏறத்தாழ 20 இலட்சம் தனியார் கார்கள் ஓடின.

அவ்வாண்டிலேயே போர் மூண்டது. எல்லாக் கம்பெனிகளின் பெற்றோலும் தனிப்பெயர் இழந்து, பங்கீட்டு முறையில் ஒரே பெயரில் விற்கப்பட்டது. பெயரில்லாத பண்டத்துக்கு விளம்பரம் எதற்கு? அன்று லொறிகளில் ஊர்வலம் வந்த அச்சுத் தாள்கள் இன்று ஹாம்ப்ஷயரிலுள்ள போலியு மோட்டார் நூதனசாலையிற் பேணப்படுகின்றன.